சன்ஷைனில் செய்த முத்துப் படகு

1979 பிப்ரவரி 12
மெல்போர்ன் ஓரம் சன்ஷைன் ஊரில் எங்கள் ஷெட்டின் தகரக் கூரை கொதிக்கிறது. எதிரே என்னோடு வேலை பார்க்கும் வெஸ்னா. குண்டு உருட்டி ஆடும் பின்பால் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றுக்குள் ஒயர் இழுத்துப் பற்றவைக்கிறோம். மேலே ஒரே ஒரு இரும்புக் குண்டு உருள, அடியில் இத்தனை ஒயரா?

முதலாளி லிண்ட்சி அமெரிக்க மெஷின்களை ரிப்பேர் பார்த்தே காலம் தள்ளியவர். "மெல்போர்ன்லயே செஞ்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை.

பிப்ரவரி 20
மறுபடி ஃப்யூஸ் போச்சு. "இதுக்கு டோஸ்டர் செஞ்சிருக்கலாம். ரொட்டியாவது கிடைக்கும்" என்கிறாள் வெஸ்னா.

மார்ச் 2
மெஷினில் விளக்கு எரிந்தது!

லிண்ட்சி ஷெட் விளக்குகளை அணைத்தார். மெஷின் கண்ணாடியில் புயல், அலை, முத்துக் குளிக்கும் படகு — எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதுபோல ஒளிர்ந்தன.

"நீ ஆடு, நோரீன்" என்று லிண்ட்சி எனக்கு வழிவிட்டார்.

முதல் குண்டு நேராக நடுவே விழுந்து தொலைந்தது. இரண்டாவது சரிவில் ஏறி, படகைச் சுற்றி, மணிகளை அடித்துக்கொண்டு இறங்கியது. வெஸ்னா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏண்டி, இது நாம செஞ்சதா?"

"நாமதான்."

ஏப்ரல் 27
மெஷின்களை வாங்கி விற்கும் ஆள் சிட்னியிலிருந்து வந்தார். மதியம் முழுக்க ஆடினார், டீயைக்கூடத் தொடவில்லை. கடைசியில், "அற்புதம் லிண்ட்சி. ஆனா பப்காரங்க எல்லாம் இப்ப டிவி மாதிரி திரையில சுடற வீடியோ விளையாட்டுதான் வேணுங்கறாங்க."

ஜூன் 8
ஷெட்டை மூடுகிறார்கள். "அடுத்த மெஷினும் வரைஞ்சு வெச்சிட்டேனே" — லிண்ட்சி சொன்னது அவ்வளவுதான்.

ஏன்? இவ்வளவு அழகா ஒண்ணு செஞ்சா போதாதா? வேற என்னதான் வேணுமாம் இவங்களுக்கு?

ஜூன் 15
பாதியில் நின்றுபோன மெஷின்களை முடிக்க நானும் வெஸ்னாவும் போனோம். யாரும் கூப்பிடவில்லை. "ஒயர் தொங்கறத அப்படியே விட்டுட்டு எப்படிடி போறது?" என்றாள்.

1983 ஜனவரி 9
டார்க்கி கடற்கரை. மீன் வறுவல் கடைக்குள் நுழைந்தால் — மூலையில் எங்கள் மெஷின், முத்துப் படகு! மணல் ஒட்டிய காலோடு ஒரு கூட்டமே அதைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தது.

கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "அமெரிக்கச் சரக்கும்மா. நம்ம ஆளுங்களால இப்படிச் செய்ய முடியுமா?"

'நாங்கதான் செஞ்சோம்' என்று வாய் வரை வந்தது. அதற்குள், "அடுத்து நீங்கதான்" என்று யாரோ வழிவிட்டார்கள்.

குண்டு சரிவில் ஏறியது. நானும் எல்லோரோடும் சேர்ந்து கத்தினேன். அடியில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை. ஆடி முடித்துத் திரும்பியபோது, நான் கேட்டிருந்த வறுவல் ஆறிப்போயிருந்தது.