குப்பை லாரிக்கு என்று கேட்டால் இருக்கிறது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நலமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே அதே மாதிரி இருக்க வேண்டும், குழந்தைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா என்று எழுது. மனசளவில் நலமா என்று மட்டும் கேட்காதே. மூன்று வாரமாக வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மிச்சம் அங்கேயே காத்திருக்கும், அதனால்தான் எழுதுகிறேன். நம் பஸ்ஸுக்கு பிரேக் போனது உனக்கு அப்பா மூலம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. காலையில் வழக்கம்போல, மேம்பாலத்தடியில் வீடில்லாமல் இருக்கிற பெண்கள் குளிப்பதற்கு நீரேற்று நிலையத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டு சரிவில் இறங்கினேன். நீ கடைசியாக வந்தபோது பஸ்ஸில் இரண்டு குளியலறைதான் இருந்தது, இப்போது நான்கு, பின்பக்கம் பிள்ளைகள் உட்கார்ந்த இடம் முழுக்கத் தொட்டி. ஆயிரம் லிட்டர் பிடிக்கும், அதாவது ஒரு டன். பதினான்கு வருஷம் அதே பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள் நான், ஒரு அதட்டுப் போட்டால் பிள்ளைகளாவது ஆடாமல் உட்காருவார்கள், தண்ணீர் உட்காராது. பாதிச் சரிவில் பிரேக்கை மிதித்தேன், பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதித்தேன், பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி இருந்தது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து, சாலை அகலப்படுத்துகிறவர்கள் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் கொண்டுபோய் மூக்கை நுழைத்தேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிய ஒரு மனிதரைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவருக்கும் செருப்பு அறுந்ததோடு சரி.

எஞ்சினில் காதை வைத்துக் கேட்கிறாரே, நாம் டாக்டர் என்று கூப்பிடுகிற மெக்கானிக், அவர் வந்து முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வாங்கிச் சக்கரத்தைப் பிடிக்க வைக்கிற சின்ன இரும்புக் குழல் இருக்கிறது, வீல் சிலிண்டர் என்பார்கள், அது உள்ளே குழிகுழியாக அரித்துப்போய் ஆயில் முழுக்க வெளியே வந்திருந்தது. பழைய வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே வழிதான், ஒன்றில் ஒழுகினால் நாலும் போச்சு. ரப்பரை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டதற்கு டாக்டர், "அரிச்ச சிலிண்டர்ல புது ரப்பர் போடுறது, ஆடுற பல்லுக்குத் தங்கம் கட்டுற மாதிரி சார். முன்னால ரெண்டு பக்கமும் புதுசு வேணும், இல்லன்னா நான் கை வைக்க மாட்டேன்" என்றார். அவர் பேரில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஊரிலேயே பெரிய உதிரிபாகக் கடைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டிருப்பவர் அப்பாவைப் பார்த்து, "சொல்லுங்க சார், என்ன வண்டி?" என்றார். உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். கைக்கடிகாரத்தின் வயிற்றைத் திறந்தால் எந்தப் பல்லில் தூசி என்று சொல்லிவிடுவார், பஸ்ஸில் எது பிரேக் எது கிளட்ச் என்று கேட்டால் மிதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்பார். அவர், "ஓட்டுறது இவங்க, கேக்க வந்ததும் இவங்க, நான் சும்மா கூட வந்தேன்" என்று சொல்லியும் விட்டார். நான் வண்டியின் பெயர், வருஷம், எந்தச் சக்கரம் எல்லாம் சொன்னேன். அந்த மனிதர் திரையில் ஏதோ தட்டிவிட்டு மறுபடியும் அப்பாவிடமே, "மேடம்கிட்ட சொல்லுங்க சார், அந்த ஸ்கூல் பஸ்ஸுக்கு இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல" என்கிறார். நடுவில் மொழிபெயர்க்க ஆள் வேண்டிய அளவுக்கு நான் என்ன வேற்று மொழியிலா பேசினேன். வீட்டுக்கு வந்து அப்பா அந்தச் சிலிண்டரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கடிகாரம் பழுது பார்க்கிற தன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு இரும்பில் வார்த்திருந்த ஏழு இலக்க எண்ணைக் கண்டுபிடித்தார். அதை எழுதிக்கொண்டு இரண்டாம் தடவை போனேன். "நம்பரை வச்செல்லாம் தேட முடியாதும்மா, வண்டி பேரு போட்டாத்தான் வரும், கம்ப்யூட்டர்ல வரலைன்னா இல்லைன்னு அர்த்தம்" என்றார். மூன்றாம் தடவை சிலிண்டரையே கையில் கொண்டுபோனேன், கவுண்டர் அழுக்காகும் என்று காகிதம் விரித்தாரே தவிர அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாம் தடவை என்னைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார், எதிர்முனையில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பழைய சாமான் சந்தையிலும் ஏறி இறங்கினேன். ஒருவர் பளபளவென்று கறுப்பாக ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்து, புத்தம்புதுசு என்றார். டாக்டர் அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார், வர்ணம் பட்டையாக உரிந்து வந்தது, உள்ளே துரு. நம்முடையதைவிட மோசம். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த ஆள் கொஞ்சமும் முகம் சுளிக்காமல், "வண்டியே பழசு, அதுக்கு பார்ட் மட்டும் புதுசா கேக்குறீங்களேம்மா" என்றார். அந்த வார்த்தைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத மாட்டேன், மருமகளும் இந்தக் கடிதத்தைப் படிப்பாள். வண்டி செய்த கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று இருபது நிமிஷம் அழுத்த வைத்துவிட்டு, கடைசியில் ஒரு பெண் வந்து, "உங்க வாகனத்தோட ஆயுட்காலம் முடிஞ்சிருச்சு மேடம்" என்றாள். என் வயசைச் சொல்லியிருந்தால் என்னையும் அதே கணக்கில் சேர்த்திருப்பாள்.

இதெல்லாம் எனக்கு நடந்தது, நான் தாங்கிக்கொள்வேன். மேம்பாலத்துக்கு அடியில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களுக்கு நடந்ததை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. அவர்களில் ஒருத்தியை நாங்கள் பிஸ்கட் என்று கூப்பிடுவோம், ஆறு மாதமாக பிஸ்கட் கம்பெனியில் அடுக்கிக் கட்டும் வேலை செய்கிறாள். அங்கே வாசலிலேயே நகம், தலைமுடி, கழுத்து எல்லாம் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பஸ் வராததால் அவள் பெட்ரோல் நிலையத்துக் கழிவறையில் ஒரு குவளையை வைத்துக்கொண்டு குளித்திருக்கிறாள். மூன்றாம் நாள் காவலாளி பார்த்துவிட்டு அவளை ஈரத்தோடு வெளியே நிறுத்தி, பையைத் தூக்கி ரோட்டில் எறிந்திருக்கிறார். ஈரத்தலையும் சேறு பட்ட துணியுமாக வேலைக்குப் போனவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் நான், முடிந்தவர்கள் நம் வீட்டுக்கே வந்து குளியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் தினமும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அப்பா காலை ஆறு மணிக்கே செய்தித்தாளோடு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார், எல்லாரும் போனபிறகு இறங்கி வந்து தானே குளியலறையைக் கழுவிவிடுவார், ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. எட்டாம் நாள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மின்தூக்கியில் நோட்டீஸ் ஒட்டினார், தண்ணீர் குடியிருப்போருக்கு மட்டும் என்று. அவர் தன் காரை தினமும் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் கழுவுகிறார், அந்தக் கார் எந்த மாடியில் குடியிருக்கிறது என்று கேட்டேன். அன்றிலிருந்து அவர் படியேறித்தான் போகிறார்.

இப்போது உன் விஷயம். அந்த வாரத்தில்தான் ஒருவர் கையில் அளவு டேப்போடு வந்து பஸ்ஸின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார். யார் என்று கேட்டால், இணையத்தில் விற்பனைக்குப் படம் போட்டிருந்ததாம், சாப்பாட்டுக் கடையாக மாற்றப்போகிறாராம். பிரேக் இல்லையே என்றேன். "நிக்கத்தானே போகுது, பிரேக் எதுக்கு?" என்று சிரித்தார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. நீ அவருக்குப் போன் செய்து, அம்மாகிட்ட சொல்லாதீங்க, நல்ல ஆள் கிடைச்சா தள்ளிவிடலாம் என்று சொன்னதை அன்றைக்கே ஒப்புக்கொண்டார். என் உயிருக்குப் பயந்துதான் செய்தாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நீ ஏழு வயசில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது உனக்குத் தெரியாமல் உன் சைக்கிளை நான் விற்றுவிடவில்லை. ஓட்டுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியை விலை பேசுகிறவனுக்கும், என் முகத்தைப் பார்க்காமல் அப்பாவிடம் பேசிய அந்தக் கடைக்காரருக்கும் என்ன வித்தியாசம் என்று நீயே யோசித்துக்கொள். வந்தவரை அப்பாதான் அனுப்பி வைத்தார், "இது ஓடுற வண்டிங்க, நீங்க நிக்கிற வண்டியா பாருங்க" என்றார். அவருக்கு அவ்வளவு வாய் உண்டு என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது நம் தெருமுனையில் மாநகராட்சிக் குப்பை லாரி ஒன்று முன்சக்கரம் கழற்றி நின்றது. நாற்றம் குடலைப் பிடுங்கியது, ஆனாலும் குனிந்து பார்த்தேன். அதே வட்டத் தகடு, அதே இரண்டு போல்ட்டு, நடுவில் நம் சிலிண்டரின் உடன்பிறப்பு மாதிரி ஒன்று. பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிப் பழையதை எடுத்து வந்து பக்கத்தில் பிடித்தேன், எண்ணும் ஒன்றேதான், ஏழு இலக்கமும். லாரி ஓட்டுநர் நான் ஏதோ திருட வந்தவள் என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "இதுவா? மாசத்துக்கு ரெண்டு மாத்துறோமே. அந்தப் பெரிய கடையில எப்பவும் இருக்கும்மா" என்றார். எந்தப் பெரிய கடை என்று நான் கேட்கவே தேவையில்லை. அப்பாவைக் கூப்பிடாமல் நேராகப் போனேன். கவுண்டரில் அதே மனிதர். "குப்பை லாரிக்கு முன்சக்கர வீல் சிலிண்டர் ரெண்டு" என்றேன். அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை, உட்கார்ந்தபடியே கையைத் தலைக்குப் பின்னால் நீட்டி அலமாரியிலிருந்து இரண்டு டப்பாவை எடுத்து வைத்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாவது நம் மடத்தனம். இவர் வெண்ணெயை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மாடே செத்துப்போச்சு என்று என்னை அனுப்பியிருக்கிறார். டப்பாவைப் பிரித்துப் புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதைத்தானே நாலு தடவை கேட்டேன் என்றேன். அவர் இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீங்க ஸ்கூல் பஸ்ஸுக்குன்னு கேட்டீங்கம்மா" என்றார். பத்தொன்பது நாள், மகனே. நான் கத்தவில்லை. பேனாவை எடுத்து அலமாரியில் ஒட்டியிருந்த சீட்டில், பழைய ஸ்கூல் பஸ்ஸுக்கும் இதுதான் என்று எழுதச் சொன்னேன். அப்புறம் எழுதுகிறேன் என்றார். எழுதிவிட்டுப் பில் போடுங்கள் என்று நின்றேன், பின்னால் வரிசை வாசல் வரைக்கும் போயிற்று. எழுதினார். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் படிக்க முடிகிறது.

டாக்டர் அன்று மாலையே இரண்டையும் பூட்டி, குழாயில் காற்று இல்லாமல் ஆயிலை ஓடவிட்டுச் சரிபார்த்தார். வெறும் வண்டியில் பிரேக் பிடிப்பதைப் பார்த்துத் திருப்திப்பட நான் தயாராக இல்லை. மறுநாள் தொட்டி நிறையத் தண்ணீரோடு அதே சரிவில் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன், யாரும் கூட வரவேண்டாம் என்றும் சொன்னேன். அப்பா ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார். "நின்னா ரெண்டு பேரும் நிப்போம், நிக்கலைன்னாலும் ரெண்டு பேரும்தான்" என்றார். பாதிச் சரிவில் மிதித்தேன். பஸ் நின்றது, பின்னால் தண்ணீர் மட்டும் ஒரு தடவை முன்னுக்கு வந்து தொட்டியை இடித்துவிட்டு அடங்கியது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு செகண்டு" என்றார்.

திங்கட்கிழமை முதல் பழையபடி போகிறோம். முதல் மூன்று நாள் பிஸ்கட் வரவில்லை. வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நாலாம் நாள் வந்தாள், ஒரு சலவைக் கூடத்தில் ஆள் எடுக்கிறார்களாம், அடுத்த நாள் போய்ப் பார்க்க வேண்டுமாம். குளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "நாளைக்கும் வருமாக்கா?" என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. வரும் என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, என் போன் அடித்தது, விளம்பரப் படத்தில் பஸ்மேல் எழுதியிருக்கிற என் நம்பரைப் பார்த்துவிட்டு, பஸ் இன்னும் விலைக்கு இருக்கிறதா என்று யாரோ ஒருவர். படியில் இருந்தவளுக்கும் கேட்டுவிட்டது. துவட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

ஆகையால் அந்த விளம்பரத்தை, எடுத்துவிட்டேன் என்று நீ அப்பாவிடம் பொய் சொன்ன அந்த விளம்பரத்தை, இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே எடு. பிறகு எனக்குப் போன் செய், அப்பாவுக்கு அல்ல. நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், குழந்தைக்கு என் முத்தம்.

கோபம் இன்னும் ஆறாத, ஆனால் உன்மேல் அன்பு குறையாத,
அம்மா