இளைத்ததன் காரணம்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேற்று காலை தெருவில் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீட்டிப் பிடித்திருந்தபோது என் வேட்டி அவிழ்ந்து விழுந்துவிட்டது. கையை எடுத்தால் நூல் மொத்தமும் சிக்காகிவிடும். அதனால் அப்படியே நின்றேன். "அண்ணன் வேட்டிய வுட்டாலும் வுடுவாரு, பாவு நூல வுடமாட்டாரு," என்று எதிர்வீட்டு சங்கீதா தெருவுக்கே அறிவித்துவிட்டாள்.

ஐந்து கிலோ இளைத்திருக்கிறேன்.

பயந்துபோய் டாக்டரம்மாவிடம் ஓடினேன். "நோவு ஒண்ணும் இல்லப்பா. மனசு நிம்மதியா இருந்தா கண்டதத் தின்னத் தோணாது, ஒடம்பு தானா எளைக்கும்," என்றார். அங்கேதான் குழம்பிப்போனேன். நீ கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அப்படியென்றால் நீ இல்லாததுதான் என் நிம்மதியா? இருபத்தாறு வருஷம் உன் எதிரில் உட்கார்ந்து தின்றதெல்லாம் கவலையிலா?

அன்று நான் சொன்ன வார்த்தையைப் பற்றி எழுதப்போவதில்லை. திரும்பி வருவாயா என்றும் கேட்கவில்லை. நான் நிம்மதியாக இருக்கிறேன், டாக்டரே சொல்லிவிட்டார். நீ மெதுவாகவே வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: டாக்டரம்மாவிடம் ஒன்றைச் சொல்லவில்லை. இந்த மாதம் எட்டு தடவை சாப்பிடாமல் பஸ் ஏறி, தாம்பரத்தில் மகள் வீட்டு மாடியில் உன் புடவை காய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.