யூர் போச்சுது

செவ்வாய், நவம்பர் 2006
குரோருட், நோர்வே

இண்டைக்கு வேலையிலை யந்தி அழுதாள். முதியோர் இல்லச் சமையலறையிலை என்னோடை பாத்திரம் கழுவிற ஜாவாக்காரி. இஞ்சை உழைச்சதெல்லாம் போட்டுத் தன்ரை கிராமத்திலை வயல் வாங்கி, தமையனைப் பாக்கச் சொல்லி விட்டிருந்தவள்.

"என்ரை யூர் போச்சுது" எண்டாள். நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறது நோர்வேஜிய மொழி. அதிலை யூர் எண்டால் மண். இவ்வளவு காலம் இஞ்சை இருந்தும், அந்த அழுகைக்குள்ளை எனக்கு ஊர் எண்டுதான் கேட்டது. பதறிப்போய், "சனமெல்லாம் எங்கை? அம்மா தப்பியிட்டாவோ?" எண்டு கேட்டுப்போட்டன்.

அவள் அழுகையை விட்டிட்டு என்னைப் பாத்தாள். சனம் அங்கைதானாம். அம்மாவும் சுகமாம். தமையன்தான் வயலின்ரை மேல்மண்ணை வெட்டிச் செங்கல் சூளைக்கு வித்துப்போட்டானாம். இப்ப அது வெறும் பள்ளமாம். இனி நெல்லு விளையாதாம்.

அம்மா இருக்கிறா, பிறகென்னத்துக்கு அழுறாய் எண்டு எனக்கு வாய் வரைக்கும் வந்தது. கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

"யாழ்ப்பாணத்திலை உங்கடை வயல் எப்பிடி?" எண்டு கேட்டாள்.

மண் அப்பிடியே கிடக்கு எண்டன். சண்டையிலை சிதறிப்போன சனத்தைப் பற்றி அவள் கேக்கேல்லை.