கோலியனூர் அக்கி

திண்டிவனம்
18.8.2003

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள பிரியா அப்பாவுக்கு, அமல்ராணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் அண்ணன் வீட்டாரும் சுகம். அங்கே நீங்களும் பிரியாவும் அத்தையும் சுகமா? பிரியா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? பள்ளிக்கூடத்துக்கு அவளுக்கு ரெட்டை ஜடை போட்டுவிடுவது யார்?

போனில் பேசலாமே என்பீர்கள். இங்கே போன் கூடத்தில் டி.வி. பக்கத்தில் இருக்கிறது. அங்கே அத்தையின் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. இந்த விஷயத்தை இரண்டு இடத்திலும் வாய்விட்டுப் பேச முடியாது. அதனால்தான் வீட்டுக்கு எழுதாமல் நெல் மண்டி விலாசத்துக்கு எழுதுகிறேன்.

"ரெண்டு நாள் உங்க அம்மா வூட்ல இரு, எங்க அம்மா கோவம் தணியட்டும்" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டீர்கள். இரண்டு நாள் இரண்டு வாரமாகிவிட்டது. எனக்குக் காய்ச்சலும் புண்ணும் வந்தபோது விழுப்புரத்து டாக்டர் உங்களைத் தனியே கூப்பிட்டு, இது ஹெர்ப்பிஸ், தாம்பத்திய உறவில் தொற்றுவது என்று சொன்னார். நீங்கள் அதை அப்படியே அத்தையிடம் போய்ச் சொல்லிவிட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே அத்தை என் தட்டையும் சோப்பையும் தனியாக எடுத்துவைத்தார்கள். "கொயந்தைய இவ கிட்ட படுக்க வைக்காத" என்றார்கள். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

இங்கே ஒரு லேடி டாக்டரைப் பார்த்தேன். பொறுமையான மனுஷி. தட்டிலும் துண்டிலும் கக்கூஸிலும் இது ஒட்டாது, உடம்போடு உடம்பு படும்போதுதான் ஒட்டும், குழந்தை தாராளமாகப் பக்கத்தில் படுக்கலாம் என்றார். இதை அத்தையிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொன்னார். உடம்பில் இது இருக்கிற பாதிப் பேருக்கு மேல் இருப்பதே தெரியாதாம். புண் இல்லாத நாளிலும் தொற்றுமாம். அதனால் உங்களையும் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். புதுச்சேரியில் எடுத்துச் சென்னைக்கு அனுப்பிப் பார்க்கிறார்களாம். எனக்காக ஒருமுறை போய் வாருங்கள்.

உங்கள் அன்பு மனைவி
அமல்ராணி


விழுப்புரம்
27.8.2003

அமலாவுக்கு, பாக்கியராஜ் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. மண்டியில் கணக்கர் சக்கரபாணிதான் உறையை நீட்டினார். "என்னா சார், வூட்டம்மா லவ் லெட்டரா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சிரித்துவைத்தேன். என் நிலைமை அப்படி.

பிரியா சுகம். அம்மாதான் ஜடை போடுகிறாள். முதல் இரண்டு நாள் பிள்ளை உன்னைக் கேட்டு அழுதாள், இப்போது பழகிவிட்டாள்.

நீ ரத்தம் கொடு என்று சுலபமாக எழுதிவிட்டாய். எனக்கு என்ன இருக்கிறது, நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? ஏழு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தோம், வராதது இப்போது ஏன் வந்தது? ஜூலை மாதம் தையல் டீச்சர் டிரெய்னிங் என்று ஆறு நாள் சென்னையில் தங்கினாய். நான் வேண்டாம் என்றேன். கன்னியாஸ்திரீகள் கூட்டிப் போகிறார்கள், பயமில்லை என்று நீதான் அடம்பிடித்தாய். திரும்பி வந்த பத்தாம் நாள் படுத்தாய். நான் உன்மேல் பழி போடவில்லை. மனசு கேட்கிற கேள்வியைத்தான் எழுதுகிறேன். அம்மா தினமும் கேட்கிறாள், அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

உனக்கு வந்தது அக்கியாக இருக்கும், நம்ம டாக்டருக்குத்தான் தெரியவில்லை என்று உன் அண்ணன் தேவசகாயம் போனில் சொன்னார். எனக்கு அக்கி தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாலிருந்து எனக்கு வருஷா வருஷம் வெயில் காலத்தில் இடுப்புக்குக் கீழே அதே இடத்தில் அக்கி வரும். கோலியனூர் குயவர் சின்னக்கண்ணு மூன்று நாள் புண்மேல் காவியால் சிங்கம் எழுதுவார், அப்படியே காய்ந்து உதிர்ந்துவிடும். உன்னோடு இருந்த வருஷங்களிலும் வந்திருக்கிறது, சூட்டுக் கொப்புளம் என்று நீயே விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறாய். எனக்கு இருப்பது அக்கி. உனக்கு வந்ததுதான் வேறு.

யோசித்து உண்மையை எழுது.

பாக்கியராஜ்


திண்டிவனம்
2.9.2003

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள பிரியா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. முதலில் சென்னை என்ற வார்த்தை மட்டும்தான் கண்ணில் பட்டது. அழுது தீர்த்தேன். ஒரு அறையில் ஒன்பது பெண்கள் பாய் விரித்துப் படுத்திருந்தோம், வாசலில் ஒரு சிஸ்டர் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். இதையெல்லாம் என் புருஷனுக்கு எழுத வேண்டி வந்ததே என்று இருக்கிறது.

அழுகை நின்ற பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே லேடி டாக்டரிடம் போனேன். உங்கள் பேரைச் சொல்லவில்லை. சொந்தக்காரர் ஒருவருக்கு வருஷா வருஷம் இடுப்புக்குக் கீழே அதே இடத்தில் அக்கி வருகிறது, குயவர் எழுதினால் போய்விடுகிறது என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அக்கி பெரும்பாலும் ஆயுசில் ஒரு தடவை வரும், ஒரு பக்கமாகப் பட்டை போல் வரும், வருஷா வருஷம் ஒரே இடத்துக்குத் திரும்பி வருவது அக்கியின் குணம் இல்லை என்றார். ஹெர்ப்பிஸ்தான் அப்படித் திரும்பத் திரும்ப வருமாம். காவி எழுதினாலும் எழுதாவிட்டாலும் சில நாளில் தானாகவே காய்ந்துவிடுமாம். எழுதியதால் போயிற்று என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், அதில் அந்தக் குயவர் மேலும் தப்பில்லை என்றார். பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது, அவரை ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில் சொந்தக்காரர் யார் என்று புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன்.

என் ரத்த முடிவும் வந்துவிட்டது. காய்ச்சல் வந்த வாரமே லேடி டாக்டர் இங்கே எடுத்தது. அப்போதே ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான சக்தி நன்றாகத் தெரிகிறது. புதிதாக ஒட்டியிருந்தால் அவ்வளவு சீக்கிரம் தெரியாதாம், பல வாரம், மாதக்கணக்கில்கூட ஆகுமாம். அதனால் இது பழையது, வருஷக்கணக்கில் உள்ளே சும்மா இருந்துவிட்டு இப்போது தலை காட்டியிருக்கலாம் என்கிறார். சென்னையில் வந்தது இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது உங்களோடு போகட்டும், நான் கேட்கவே மாட்டேன். நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்று நம்புகிறேன். அக்கி என்றுதானே நினைத்தீர்கள், நானும் அப்படித்தானே எண்ணெய் கொடுத்தேன். அத்தையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அமலா மேல தப்பு இல்லம்மா" என்று மட்டும். நான் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன்.

காலாண்டு லீவுக்காவது பிரியாவை இங்கே அனுப்புங்கள். அவளுக்கு ஒரு பாவாடை தைத்து வைத்திருக்கிறேன். அளவு பார்க்க ஆள் இல்லாமல் கீழ் மடிப்பை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

உங்கள் அன்பு மனைவி
அமல்ராணி


விழுப்புரம்
30.9.2003

அமலாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மண்டியில் வேலை அதிகம். லீவுக்குப் பிரியாவை அனுப்ப அம்மா ஒப்பவில்லை. நான் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன்.

உன் ரத்த முடிவை அம்மாவிடம் சொன்னேன். பழையது என்று தெரிந்தால் அவள் மனசு மாறும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள், "அப்டின்னா சென்னைக்கு முன்னாடியே ஓடிக்கினு இருந்துதா?" என்று கேட்டாள். இனி அந்தப் பேச்சை எடுக்காதே, எடுத்தால் இன்னும்தான் சிக்கலாகிறது.

நீ கேட்டபடி நானும் புதுச்சேரி போய் ரத்தம் கொடுத்தேன். கண்டமங்கலம் தாண்டும்வரை பஸ்ஸில் தெரிந்த முகம் எதுவும் ஏறக் கூடாதே என்று முந்திரி மரங்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். முடிவு வந்துவிட்டது. எனக்கும் இருக்கிறது.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இந்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். இதை நீ கவனிக்க வேண்டும். அக்கி விஷயத்தை அவரிடம் நான் எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. எனக்கு இருப்பது அக்கிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நான் நிறைய யோசித்தேன். ஆனது ஆகிவிட்டது. உன்னால் எனக்கும் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் ஒரே ரகளை. பிறகு நானே அவளைச் சமாதானப்படுத்தினேன். பெண் குழந்தை இருக்கிறது, தாயில்லாமல் வளர்க்க முடியாது என்றேன். நான் உன்னை மன்னித்துவிட்டேன் அமலா. வேறு ஆண்பிள்ளையாக இருந்தால் இந்த மனசு வராது.

அம்மா இரண்டு விஷயம் கேட்கிறாள். நீ சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வர வேண்டும். அவளிடம் உன் வாயால் "தப்பு பண்ணிட்டேன்" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்னால் தேய்ந்தா போய்விடுவாய்? ஜெபமாலை மாதமான அக்டோபர் முடிவதற்குள் வந்துவிடு. பிரியாவுக்குக் காய்ச்சல் அடித்து இப்போது பரவாயில்லை.

அன்புடன்
பாக்கியராஜ்


திண்டிவனம்
13.10.2003

பிரியா அப்பாவுக்கு,

காய்ச்சலைக் கடைசி வரியில் எழுதுவீர்களா? அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மேலே எழுதியிருந்ததையெல்லாம் மறந்துபோனேன். அதற்காகத்தான் அதைக் கடைசியில் வைத்தீர்களோ என்று பிறகு தோன்றியது. அப்படி நினைக்க வைத்துவிட்டீர்கள்.

அண்ணனிடம் சொன்னேன். கோர்ட்டுக்குப் போனால் புள்ளையை வாங்கலாம், ஆனால் இந்த வியாதியை ஊர் முழுக்கக் கோர்ட்டில் படிப்பார்கள், எனக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் அமலா என்றார். அம்மா மல்லாட்டை ஓட்டை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். இந்த வீட்டிலும் எனக்கு ஒரு மூலைதான் என்று அப்போது தெரிந்தது.

நேற்று ஞாயிறு பூசைக்கு முன்னால் சவுரிராயன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டேன். "சாமி, நான் ஒரு பொய் சொல்லப் போறேன். செய்யாத தப்பைச் செஞ்சேன்னு சொன்னாத்தான் என் புள்ளையைக் கண்ணுல காட்டுவாங்க" என்றேன். முழுதும் கேட்டார். "செய்யாத பாவத்துக்கு என்னால மன்னிப்பு குடுக்க முடியாதும்மா" என்றார். "பொய் சொல்லுன்னும் நான் சொல்ல முடியாது. உன் புள்ளைக்காக ஜெபம் பண்றேன்" என்றார். புருஷன் மேல் வெறுப்பு வந்திருக்கிறது என்றேன். அதற்கு மட்டும் மன்னிப்புக் கிடைத்தது.

பூசை முடிந்து வந்து அத்தைக்குப் போன் செய்தேன். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள், டி.வி.யை நிறுத்தச் சொல்லவில்லை. "ஆமாம் அத்தை, தப்பு பண்ணிட்டேன்" என்றேன். எங்கே, யாரோடு என்று கேட்டார்கள். "அதெல்லாம் வேணாம் அத்தை, மன்னிச்சிடுங்க" என்றேன். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்புறம்தான் பிரியாவிடம் போனைக் கொடுத்தார்கள். "அம்மா, நீ எப்ப வர்ற? ஆயா உனக்குப் புதுத் தட்டு வாங்கிக்கினு வந்திருக்குது" என்றாள்.

அதனால் வருகிறேன். சில விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், அங்கே வந்தபின் இதைப் பேச எனக்கு வாயிருக்காது. இதற்கு முற்றாகத் தீர்க்கிற மருந்து இல்லை, ஆனால் அடக்கி வைக்க மாத்திரை இருக்கிறது. உங்களுக்கும் சேர்த்து டாக்டரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். அடுத்த வெயிலுக்குக் கோலியனூர் போகாமல் அதைப் போடுங்கள். இன்னொரு பிள்ளை என்று அத்தை பேச்செடுத்தால், பிரசவ டாக்டரிடம் இதை மறைக்கக் கூடாது, அந்த நேரத்தில் புண் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து. ஆனால் அந்தப் பேச்சு வராது. நான் பிரியாவோடு படுத்துக்கொள்வேன். அத்தை கேட்டால் உங்களுக்கு மறுபடியும் ஒட்டாமல் இருக்க என்று சொல்லிக்கொள்ளுங்கள், நம்புவார்கள்.

நீங்கள் அக்கி என்றே நினைத்திருந்த வருஷங்களுக்காக எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. டாக்டர் எதிரே உட்கார்ந்தும் அக்கியைப் பற்றி நீங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம். அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். பிரியாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இனி ஒரே வீட்டில் இருக்கப்போகிறோம், நமக்குள் கடிதம் தேவைப்படாது. என்னை மன்னித்துவிட்டதாக மட்டும் இன்னொரு முறை சொல்லாதீர்கள். உங்கள் அம்மாவுக்கு முன்னால் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வேன். தனியாக இருக்கும்போது சொன்னால் தாங்க மாட்டேன்.

இப்படிக்கு
சகாய பிரியாவின் அம்மா