கல்யாணப் பைக்குள் பூத்த துவரை

அக்கா,

நேற்று மெர்லிமாவ் ஊர் மண்டபத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் என் கையில் சின்ன வலைத்துணிப் பை ஒன்றைத் திணித்தாள். வாயில் சுருக்குக் கயிறு, உள்ளே இரண்டு மிட்டாய். வீட்டுக்கு வந்ததும் மிட்டாயைத் தட்டில் போட்டுவிட்டுப் பையை விரித்துப் பார்த்தேன். ஒரு பூங்கொத்து அடங்குமா என்றுதான் முதலில் அளந்தேன். உடனே அந்த மனிதரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. உங்கள் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம்.

நீங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தபோது, துவரையில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று நினைத்தவள் நான். எனக்குப் பருப்பு என்றால் கடையில் பாக்கெட்டில் கிடைப்பது. நீங்கள்தான் தோட்டத்து ஓரத்துச் சோதனைத் திடலுக்கு என்னை அழைத்துப்போனீர்கள். நம் மழைக்குத் தண்ணீர் தேங்கி, வேர் அழுகிச் சாய்ந்த வரிசைகள். நடுவில், அதே தண்ணீரில் நின்றும் இலை வாடாத ஒரு செடி. "இவதான்டி. இத்தனை வருஷமா தேடுனது இவளத்தான்," என்றீர்கள். புதிதாக நட்ட, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே அதை விதைத்து, தோட்டத்துச் சனங்கள் தங்கள் பருப்பைத் தாங்களே பறிக்க வேண்டும். அதுதான் உங்கள் ஆசை.

அந்தக் குணம் கலையாமல் அடுத்த விதைக்குப் போக வேண்டுமானால், பூவில் வேறு துவரையின் மகரந்தம் படக்கூடாது. தேனீக்கு அதெல்லாம் தெரியாது. மொட்டு விரியும் முன்பே கொத்துக்கு உறை போட்டாக வேண்டும். நீங்கள் கேட்ட உறை ஆபீசிலிருந்து வரவே இல்லை. ஒரு நாள் என் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடி அலமாரியில் நான் சேர்த்து வைத்திருந்த கல்யாணப் பைகள் உங்கள் கண்ணில் பட்டன.

"அடிப்பாவி, இத எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?"

"அழகா இருக்கேன்னு வச்சேன்கா."

"காத்து போவும், தேனீ போவாது. குடு எல்லாத்தையும்."

அதன்பிறகு தாமான் குடியிருப்பு முழுவதும் மலாய்க் கல்யாணம், நம்மவர் கல்யாணம் என்று யார் போய்வந்தாலும் பை நம் வீட்டுக்கு வந்தது. ரோஜா நிறம், தங்க நிறம், சரிகை வைத்தது. திடல் முழுவதும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். உங்கள் மேலதிகாரி (எல்லோரும் அவரை டாக்டர் என்பார்கள், ஊசி போடும் டாக்டர் இல்லை) முதல்முறை பார்த்துச் சிரித்தார். "என்னா லா இது, கல்யாண வீடா? மாப்பிள்ளை யாரு?"

"தேனீதான் டாக்டர் மாப்பிள்ளை. உள்ள விடக்கூடாதுன்னு கதவச் சாத்தியிருக்கோம்," என்றீர்கள். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு இன்றுவரை நிற்கவில்லை.

தமிழ் ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள் நான். உங்கள் இங்கிலீஷ் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீங்கள் ஒரு பிடி விதை தந்தீர்கள். என் வீட்டுப் பின்புறம் அது வளர்ந்தது. ஒவ்வொரு பூப்பிலும் நானே பை கட்டினேன்.

பிறகு உங்களுக்கு அந்தக் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ஒரு பை ஆரஞ்சோடு வந்தார். உடம்பு எப்படி என்று கேட்டார். அடுத்த வாக்கியத்திலேயே உங்கள் துவரை ஆராய்ச்சிக் கோப்பு எங்கே என்று கேட்டார். அவர் போனதும் நான் கத்தினேன். "குடுத்துடுடி. யாரு கையில இருந்தா என்னா, மொளைச்சா சரி," என்றீர்கள். நீங்கள் சொன்னதால், என்னிடம் தந்து வைத்திருந்த கோப்பைக் கொடுத்தேன்.

உங்களை எரித்து வந்த அடுத்த வருடம் விவசாயக் கண்காட்சி. வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். பெரிய பலகையில் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தாங்கும் புதுத் துவரை, உருவாக்கியவர் அவர். துவரைக்கு அவர் மகளின் பெயர். உங்கள் பெயரை மேலிருந்து கீழ்வரை தேடினேன், படம் எடுத்தவர் பெயர்கூட இருந்தது. வீட்டில் அரிசி தீர்ந்த நாளைக்கூட எழுதி வைப்பவள் நான். இதை விடுவேனா? மாரியம்மன் கோயிலில் அவர் பெயரைச் சொல்லி நியாயம் கேட்டுச் சிதறுகாய் உடைத்தேன்.

அம்மன் கேட்டுக்கொண்டாள். பெரிய மனிதர்கள் திடலைப் பார்க்க வருகிறார்கள், படத்தில் அசிங்கமாக இருக்கும் என்று டாக்டர் எல்லாப் பைகளையும் அவிழ்த்து எரிக்கச் சொல்லிவிட்டார். நல்ல பூப்புக் காலம். குடியிருப்புத் தோட்டங்களில் இருந்த நாட்டுத் துவரையிலிருந்து தேனீக்கள் நேராக வந்தன. அப்படிக் கலந்துபோன விதையைத்தான் மூட்டை மூட்டையாகப் பெருக்கி ஊருக்கெல்லாம் கொடுத்தார். ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை. முதல் மழைத் தண்ணீரிலேயே பாதி செத்தது.

அப்புறம்தான் அவருக்கு என் வாசல் தெரிந்தது. என் வீட்டுப் பின்புறத்துச் செடிகளை அதற்குள் வடிகால் தோண்ட வந்த இயந்திரம் வேரோடு எடுத்துப் போய்விட்டது. மிச்சம் ஒரு மைலோ டின் விதை மட்டும்.

"கலக்காத விதை உங்ககிட்டதான் இருக்குன்னு சொன்னாங்க அண்ட்டி."

"இருக்கு டாக்டர். பலகையில அக்கா பேரப் போடுங்க, டின்னோட எடுத்துக்கிட்டுப் போங்க."

"அப்படியெல்லாம் மாத்த முடியாது அண்ட்டி. அவங்கதான் இப்ப இல்லையே லா. பேர வச்சு என்னா பண்ணப் போறாங்க?"

நான் அவரைத் திட்டவில்லை. "ஞாயித்துக்கிழமை அக்காவுக்குப் படையல். சாப்பிட வாங்க," என்று மட்டும் சொன்னேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை டின்னைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டேன். பிறகு முழுவதையும் ஊறப்போட்டேன். காலையில் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு. முதல் இலை உங்கள் படத்துக்கு. அடுத்த இலை அவருக்கு. படையல் சோற்றை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. விதைக்கென்று கொண்டுவந்த காகிதப் பை ஒன்று மடித்துச் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்க, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"பருப்பு நல்ல மணமா இருக்கு. எந்தக் கடை அண்ட்டி?"

"கடை இல்ல டாக்டர். அக்கா வெத."

அவர் கை இலையிலேயே நின்றது. "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"என்னா பண்ணிட்டீங்கன்னு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியும். மோர் ஊத்தட்டுமா?"

இலையை மூடாமலே எழுந்து போனார்.

அக்கா, நீங்கள் இருந்திருந்தால் டின்னை எடுத்து அவர் கையில் கொடுத்திருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். உங்கள் மனசு எனக்கு வரவில்லை, வர வேண்டும் என்று அம்மனிடம் கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது ஊரில் உள்ள எல்லோருக்கும் நல்லது கேட்கிறேன், அவரை மட்டும் தாண்டிவிடுகிறேன். இப்போதும் மழை நாளில் மோட்டாரில் தோட்டத்து வழியாகப் போகும்போது திரும்பிப் பார்க்கிறேன். செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கிறது. அதில் ஒன்றும் முளைத்து நிற்கவில்லை. உங்கள் பெயர் அங்கே இல்லை. அவர் மகளின் பெயரும் இல்லை.