என் பையில் அவள் கை

ஜூன் 3, சனி
முதுகு விட்டுப்போச்சு. படகுப் போட்டி, நாள் முழுக்க ஆற்றங்கரை வெயில். என் பையில் இரண்டு கேமரா, மாற்று பேட்டரிகள், மழையுறைகள், தொப்பி, தண்ணீர், ரொட்டி, மாற்றுக் காலுறை, மடக்கு நாற்காலி வேறு. என் ஓரகத்தி, போன வருடம்தான் எங்கள் செய்தி நிறுவனத்தில் சேர்ந்தவள், தோளில் ஒரு கைப்பையோடு வந்தாள். கரையோரம் துள்ளி ஓடினாள். யார் படம் தேர்வானது? அவளுடையதுதான்.

ஜூன் 5, திங்கள்
மூன்று நாள் சைக்கிள் பந்தயம் வருகிறது. முன்னால் போகும் மோட்டார் சைக்கிளில் ஒரு புகைப்படக்காரருக்குத்தான் இடம். ஞாயிறு மாரத்தானைப் பார்த்து முடிவு செய்வாராம் எங்கள் படப்பிரிவுத் தலைவர். "இவ்வளவு பெரிய மூட்டைய அந்த வண்டியில எங்கம்மா வைப்பே?" என்று என்னிடம் சிரித்தார். அவளும் சிரித்தாள். வயிறு எரியுது. வருஷக்கணக்கா வெயில்ல காயுறது நானு. நேத்து வந்தவ அவ!

ஜூன் 8
மாமியார் அவள் படத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். என் படம் வந்த பக்கம் தட்டு அலமாரியில் விரிப்பாகக் கிடக்கிறது.

ஜூன் 10
பையைக் கொட்டிக் கவிழ்த்தேன். நாளைக்கு ஒரு கேமரா, ஒரு பேட்டரி. அவ்வளவுதான். "மழை வந்தா?" என்றார் கணவர். வரட்டுமே. அவளுக்கு மட்டும் வராதா?

ஜூன் 11, ஞாயிறு
வந்தது.

முதல் ஆள் எல்லைக்கோட்டை நெருங்கும் நேரம், கொட்டித் தீர்த்தது. அவள் ஓடி வந்து, கேட்காமலே என் பைக்குள் கையை விட்டாள். எப்போதும் விடுவதுபோல. பேட்டரி, தண்ணீர், ரொட்டி எல்லாம் அங்கிருந்துதானே எடுத்துக்கொண்டிருந்தாள்! எனக்கு ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை? அவள் பை சின்னதாக இருந்ததே என் பையை நம்பித்தான்.

"என்னக்கா, ஒண்ணுமே இல்ல?"

"கொண்டு வரல."

"நீங்களா?"

அவள் சால்வையில் இரண்டு கேமராவையும் சுற்றிக்கொண்டு விளம்பரப் பலகைக்கடியில் ஒண்டினோம். ஜெயித்தவர் எங்கள் கண் முன்னால் ஓடிப் போனார். படம் இல்லை.

தலைவர் போனில் கத்தினார். "அவ அப்படித்தான்னு தெரியும். நீ இருக்கற தைரியத்துலதானேம்மா அனுப்பினேன்!" திட்டுதான். ஆனாலும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 14
இடம் அவளுக்கே. ஓடுகிற வண்டியிலிருந்து எடுக்க அவள் கைதான் சரியாம். அது உண்மை என்பதால்தான் வயிறு இன்னும் எரிகிறது.

ஜூன் 15
காலிப் பையோடு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க இல்லாம நான் என்னத்த எடுத்துட்டுப் போறது?" ஒவ்வொன்றாகச் சொன்னேன். காலுறையை மட்டும் சொல்லவில்லை. நனைந்த காலோடு நாள் முழுக்க வண்டியில் உட்காரட்டும், அப்போது தெரியும்.

ஜூன் 16
கிளம்பிவிட்டாள். பையைத் தூக்கியதும் "அம்மாடி, என்ன கனம்!" என்றாள். காது குளிர்ந்தது. இந்த மூட்டையைத் தலைவர் எங்கே வைப்பாராம்?

அதன் அடியில் என் காலுறை ஒரு ஜோடி இருக்கிறது. அவள் குளிக்கப் போனபோது திணித்தேன். கால் நனைந்து துழாவும்போது கையில் தட்டும். அப்பவும் என்னை நினைக்கலேன்னா, இருக்கு அவளுக்கு.