ரத்தத்துக்குள் ஒரு நடமாட்டம்

மார்ச் 4, செவ்வாய்
ஷூ கடித்து ஒரு மாதம் ஆகிறது. வலது கால் பெருவிரல் புண் இன்னும் ஆறவில்லை. பிரேக்கை மிதித்தால் உயிர் போகிறது. பள்ளிப் பேருந்தில் நாற்பது பிள்ளைகள். வலிக்கிறதென்று மெதுவாக மிதிக்க முடியுமா?

மார்ச் 6, வியாழன்
சர்க்கரை அளவைப் பார்த்ததும் மருத்துவர் முகம் மாறிவிட்டது. "இப்படியே விட்டா விரலை எடுக்க வேண்டி வரும். ஆறும்வரை வண்டி ஓட்டக் கூடாது." டீக்கு நாலு கரண்டி சர்க்கரை, வண்டியின் ஒவ்வொரு நடைக்கும் ஒரு குளிர்பானம். ஒப்புக்கொண்டேன். "ரத்தத்துல இவ்வளவு சர்க்கரை இருந்தா, கிருமியோட சண்டை போடுற வெள்ளணுவெல்லாம் மந்தமாயிடும்" என்றார். தலையாட்டினேன். வெளியே வந்து டீ குடித்தேன். நாலு கரண்டிதான்.

மார்ச் 9, ஞாயிறு
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மச்சினியிடம், வெள்ளணு மந்தமாகும் என்று மருத்துவர் சொன்னதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "வாங்க மாமா, காட்டுறேன்" என்று கையோடு கூட்டிப்போனாள். விரலில் ஒரு குத்து. சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள்.

பொத்தான்களைக் கொட்டியதுபோலச் சிவப்பணுக்கள். நடுவே ஒன்று மட்டும் நகர்ந்தது. உடம்பை நீட்டி, சுருக்கி, இடுக்கில் நுழைந்து, எதையோ தேடி — தானாக! நான் சொல்லவே இல்லையே? அம்பத்திரண்டு வருஷமா இது எனக்குள்ள நடந்துக்கிட்டா இருந்துச்சு?

"இது யாரு?"

"உங்க ஆளுதான் மாமா, வெள்ளணு. லீவே எடுக்காம வேலை பாக்குது."

"மெதுவா போகுதே... சர்க்கரையாலயா?"

"ஒரு சொட்டை வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா டாக்டர் சொன்னது நெசம்."

கண்ணை எடுக்க மனமே வரவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 10, திங்கள்
சர்க்கரை இல்லாத டீ. கண்றாவி. குடித்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்
கட்டு மாற்றும்போது மனைவி கேட்டாள்: "யாருகிட்ட பேசுறீங்க?" புண்ணைப் பார்த்து, "விடாதீங்கப்பா, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். பைத்தியமா எனக்கு?

ஏப்ரல் 2, புதன்
சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல். "மருந்தும் கேக்குது, நீங்களும் கேக்குறீங்க" என்றார் மருத்துவர்.

ஏப்ரல் 28, திங்கள்
புண் ஆறிவிட்டது; இன்று முதல் மறுபடி வண்டி. காலையில் சவரம் செய்யும்போது தாடையில் சின்ன வெட்டு. சிவப்பாய் ஒரு புள்ளி. துடைக்கவில்லை. இந்நேரம் என் ஆட்கள் அங்கே ஓடி வந்துகொண்டிருப்பார்கள் என்று கண்ணாடி முன் அப்படியே நின்றேன்.

மனைவி கதவைத் தட்டினாள். "முதல் நாளே லேட்டா? பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்."